பட்டன் என்ர கைப்பையில் இருந்தது

தமிழ்ப் பள்ளிக்கூடத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று போன மாதம் என்னைக் கேட்டார்கள். "அக்கா, நீங்கள் கொம்பியூட்டர் திருத்தின ஆள். அந்த அனுபவத்தை எழுதினால் எங்கட பெட்டையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சம்.

எழுத இருந்தால் உற்சாகமாக ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வருகிறது. காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் புதுப் புரொஜெக்டர் எரியவில்லையாம். அதைக் கடைசியாக யார் தொட்டது என்று ரீச்சர்மாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம். இன்னும் திருந்தவில்லையா இவர்கள்? ஒருமுறை பட்டது போதாதா?

ஆனபடியால் அந்தப் பழைய கதையைத்தான் எழுதப் போகிறேன். மலர்க்குழு விரும்பினால் போடட்டும், விரும்பாவிட்டால் விடட்டும். ஆனால் போடுவதென்றால் ஒரு சொல்லும் வெட்டக் கூடாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஜேர்மனிக்கு வந்து முதலில் ஒரு ஹோட்டலில் துணி தோய்த்தேன். பிறகு முதியோர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவினேன். அந்தக் குசினியை வேறு கொம்பனிக்குக் கொடுத்தபோது எங்களை எல்லாம் நிற்பாட்டினார்கள். வேலை தேடித் தருகிற கந்தோரான ஜொப்சென்டரில் இருந்த பெண், பழைய கொம்பியூட்டர்களைத் திருத்தி விற்கும் ஒரு பட்டறைக்கு என்னை அனுப்பினாள். கந்தோர்களும் கடைகளும் கழித்துவிடும் பெட்டிகள் அங்கே லொறியில் வந்து இறங்கும். எனக்குத் தந்த வேலை ஆணி கழற்றுவதும் தூசி துடைப்பதும். நான் கொம்பியூட்டரை முதன்முதல் தொட்டது அதன் வயிற்றுக்குள்தான். முன்னால் கதிரை போட்டு இருந்து எழுத்தைத் தட்டியது அதற்கு எவ்வளவோ காலம் கழித்து.

எங்கட ஆட்களுக்கு அது ஒரு பகிடி. "புவனேஸ் கொம்பியூட்டர் கழுவப் போறா" என்பார்கள். என்ர மனுசன் தர்மலிங்கம் கூட, கேட்கிற ஆட்களுக்கு "ஒரு ஒஃபிசில வேலை" என்றுதான் சொல்லுவார். கழுவினேன்தான். கழுவக் கழுவத்தான் எது எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகியது. பிறகு றாம் என்கிற நினைவகத் தகட்டை மாற்றத் தந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு மேசை தந்தார்கள். தொடங்காத பெட்டிகள் வருகிற மேசை. ஓய்வெடுக்கும் வரைக்கும் அந்த மேசையில்தான் இருந்தேன்.

மேசை தந்தது பிரௌ வேபர். பிரௌ என்றால் ஜேர்மனில் திருமதி. பட்டறைக்குப் பொறுப்பானவ. நெட்டையான மனுசி, காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகி இருக்கும். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டா. சத்தம் போட்டுக் கதைக்கிறவர்களுக்குப் பக்கத்தில் போய் அவர்கள் முடிக்கும் வரைக்கும் நின்றுவிட்டு, பிறகு மெல்லமாகச் சொல்லுவா. அது இன்னும் பயம்.

அவவுக்கு முன்னால் ஒரு சொல் சொல்லக் கூடாது. 'கபுட்'. ஜேர்மன்காரர் எல்லாவற்றுக்கும் கபுட் என்பார்கள், கெட்டுப்போச்சு என்று. வந்த புதிதில் நானும் ஒரு பெட்டியைக் காட்டி கபுட் என்றேன். பிரௌ வேபர் அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தி இருந்து என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டா.

"என்ன செய்கிறது?"

"ஒன்றும் செய்யவில்லை."

"வெளிச்சம் வருகிறதா? சத்தம் வருகிறதா? மணம் வருகிறதா?"

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. தொடங்கவில்லை என்றவுடன் கெட்டது என்று தீர்த்துவிட்டேன். பிரௌ வேபர் எழும்பி, தன்ர மேசையில் இருந்த பச்சை மூடி போட்ட சின்ன விளக்கைக் கொண்டுவந்து என்ர மேசையில் வைத்தா. "முதலில் இது" என்றா.

பெட்டியைத் தொட முதல் அந்த விளக்கைச் சுவர்ப் பிளக்கில் போட வேண்டும். எரிந்தால் சுவரில் பிழையில்லை. பிறகு கரண்ட் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு பெட்டியின் முதுகில் இருக்கிற சின்ன சுவிட்ச். அப்படி ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தூசி துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும், ஆட்கள் புதுப்பெட்டி வாங்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துப் பட்டன். அமத்தும்போது மற்றக் கையைப் பெட்டியின் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். காற்றாடி சுற்றத் தொடங்கினால் காதுக்கு முதல் கைக்குத் தெரியும். மூக்கைப் பின்னால் கொண்டுபோய் மணந்து பார்க்க வேண்டும். எரிந்த மணம் என்றால் உடனே வயரை இழுக்க வேண்டும். பெட்டி உள்ளுக்குள் கூவும், அதையும் கேட்க வேண்டும். ஒரு சின்னக் கூவல் என்றால் சுகம். நீட்டி நீட்டிக் கூவினால் அநேகமாக றாம் சரியாக இருக்கவில்லை. அதைக் கழற்றி, பொன் நிறமான விளிம்பை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, இரண்டு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை திரும்ப அமத்த வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உயிருக்குத் தேவையானதை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

"இரண்டை ஒன்றாக மாற்றினால் பெட்டி தொடங்கலாம். ஆனால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது" என்பா பிரௌ வேபர்.

இன்னொன்றும் அவவிடம் படித்தேன். அதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. பல் வைத்தியர் ஒருவருடைய இடத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. திறந்தால் மதர்போட்டில் மண்ணிறமாக ஒரு கறை. நான் கெட்டித்தனமாக, "காப்பி ஊத்திப்போட்டினம்" என்று சொன்னேன்.

பிரௌ வேபர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தா. "நீங்கள் அங்கே நின்றீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் என்ன கண்டீர்கள்?"

"மண்ணிறக் கறை."

"அதைச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் அங்கே வேலை செய்கிற ஒரு பெண் இருக்கிறாள். காப்பி என்று நாங்கள் இங்கிருந்து சொன்னால், நாளைக்கு அவளை ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள்."

பிறகு வடிவாகப் பார்த்தால் காப்பியே இல்லை. மதர்போட்டில் சின்னப் பீப்பாய்கள் மாதிரி நிற்கிற சாமான்களில் ஒன்று தலை வீங்கி வெடித்து, உள்ளே இருந்தது ஒழுகிக் காய்ந்திருந்தது. யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அவளுக்காக இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறும்.

இனிக் கதைக்கு வாறன்.

எங்கட பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் ஒரு ஜேர்மன் பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளில் நடக்கிறது. எல்லோருக்கும் தெரியும். அங்கே மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் நிலானி. கலியாணம் கட்டி ஊரிலிருந்து வந்த பிள்ளை. மாமியார் வீட்டில் இருந்தாள். அந்த வகுப்பு ஒன்றுதான் அவளுக்கு வீட்டுக்கு வெளியே இருந்த இடம். பிள்ளைகள் அவளைக் கண்டால் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

அந்த வகுப்பறையில் ஹீட்டர் நல்லாகச் சூடாகும். அதனால் நிர்வாகசபை ஆம்பிளைகள் வகுப்பு நடக்கும்போதே பின் வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்பார்கள். வருசக்கணக்காக நடந்தது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நிலானி ஒருநாள் சொன்னாள்.

"ஐயாக்கள், குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளுக்கு நான் வாசிக்கிறது கேக்கேல்லை. கொஞ்சம் வெளியில இருந்து கதைக்கிறீங்களோ?"

அவ்வளவுதான். அது பெரிய குற்றம். நேற்று வந்த பெட்டை எங்களை வெளியில போகச் சொல்லுறாள் என்று அன்றைக்கே கதை கிளம்பியது.

பிறகு வாணி விழா வந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் பிள்ளைகளின் புத்தகங்கள், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அடுத்த வாரம் விடுமுறை. அதற்கடுத்த சனிக்கிழமை நிலானி கொம்பியூட்டரைப் போட்டாள். லைட் வந்ததாம், காற்றாடி சுற்றியதாம், பிறகு பொத்தென்று அணைந்ததாம். திரும்பப் போட்டாள். திரும்ப அணைந்தது. போய்ச் சொன்னாள். நேர்மையாகப் போய்ச் சொன்னாள், அதுதான் அவள் செய்தது.

"நீ என்ன செய்தனீ?" என்று கேட்டார்கள்.

அந்தக் கொம்பியூட்டருக்குள்தான் ஆண்டிறுதிப் பரீட்சைக்குப் பிள்ளைகளின் பேர்விபரம் எல்லாம் இருந்தது. அனுப்புகிற நாள் கிட்டிக்கொண்டிருந்தது. கோபத்தில் உடைத்துவிட்டாள் என்று தலைவர் செல்வராசா அண்ணை பெற்றோருக்கு முன்னால் சொன்னார். அவளிடமிருந்து வகுப்பறைக் கதவுத் திறப்பை வாங்கினார்கள். வகுப்பை வாங்கினார்கள். மாமியாருக்கு டெலிபோன் எடுத்துச் சொன்ன புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை. வீட்டிலே அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெட்டியை என்ர வீட்டுக்குக் கொண்டுவந்தது தலைவரும் என்ர மனுசனும். மனுசனும் நிர்வாகசபையில் இருக்கிறார்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பாரும்" என்றார் தலைவர். "அந்தப் பெட்டை எதை உடைச்சவள் எண்டு கண்டுபிடிச்சுச் சொன்னால் காணும்."

நான் பெட்டியை வாங்கி வைத்தேன். எனக்கு வாய் வராது. பெட்டி என்ன செய்கிறது என்று அவர் சொல்லவில்லை. யார் செய்தது என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு எங்கள் சொந்தப் பெட்டிகளை மேசையில் வைத்துப் பார்க்கப் பிரௌ வேபர் விடுவா. கொண்டுபோனேன். பச்சை விளக்கு எரிந்தது. வயர் மாற்றினேன். முதுகுச் சுவிட்ச் சரி. பட்டனை அமத்தினேன். லைட் வந்தது, காற்றாடி கைக்குத் தெரிந்தது, ஒரு சின்னக் கூவல் கூவியது. சுகம் என்றது. உடனே அணைந்தது.

அது எனக்கு விளங்கவில்லை. கூவிவிட்டுச் சாகிற பெட்டியை நான் அதிகம் கண்டதில்லை. றாமைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். அதே மாதிரி. கரண்ட் கொடுக்கிற உள்பெட்டியை மாற்றினேன். அதே மாதிரி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். அதே மாதிரி. மூளைக்கு மேல் இருக்கும் காற்றாடியைக் கழற்றி, சூட்டை இழுக்கிற பசை புதிதாகப் பூசிப் போட்டேன். அதே மாதிரி. ஒன்று ஒன்றாகத்தான் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அது கூவியது, அணைந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலானி உடைத்திருப்பாளோ என்ற நினைப்பு எனக்கும் வந்தது. கோபம் வந்தால் யாரும் எதையும் செய்யலாம். அடித்த காயம், வெட்டிய வயர், எது கண்டாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும் என்று இருந்தேன். தேடிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

பிரௌ வேபர் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வந்தவ, நின்றா.

"என்ன செய்கிறது?"

"தொடங்குகிறது. சுகம் என்று சொல்கிறது. பிறகு யாரோ பட்டனை அமத்திப் பிடித்து அணைக்கிற மாதிரி அணைகிறது."

சொன்னேன். சொன்ன வாயைத் திறந்தபடி அப்படியே நின்றேன். பிரௌ வேபர் கோட்டைக் கழற்றிக் கொழுவினா.

பட்டனிலிருந்து மதர்போட்டுக்கு இரண்டு மெல்லிய வயர் போகும். அதைப் பிடுங்கினேன். வயர் இருந்த இடத்தில் இரண்டு ஊசி நிற்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒருக்காத் தொட்டு எடுத்தேன். பட்டனை ஒருக்கா அமத்தி விட்டதற்கு அது சமம். லைட் வந்தது. காற்றாடி சுற்றியது. கூவியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். அணையவில்லை. திரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் படம் வந்தது.

பெட்டிக்குள் ஒரு பிழையும் இல்லை. பிழை பட்டனில்.

முன்மூடியைக் கழற்றினேன். பட்டனைச் சுற்றி மஞ்சளாக, சீமெந்து பூசினதுபோல இறுகிக் கிடந்தது. பட்டன் உள்ளே போகும். வெளியே வர அதற்கு மனம் வராது. கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளேயே நிற்கும். ஒரு விரல் விடாமல் அமத்திப் பிடித்தால் எந்தக் கொம்பியூட்டரும் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும். அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. மணந்து பார்த்தேன். எரிந்த மணம் இல்லை. கோயில் மணம்.

"இது என்ன?" என்றா பிரௌ வேபர்.

"சந்தனம். சாமிக்கு வைக்கிறது."

"கடவுளுக்குக் கொம்பியூட்டர் வேண்டுமா?"

"இல்லை. கொம்பியூட்டருக்குக் கடவுள் வேண்டும் என்று எங்கட ஆக்கள் நினைக்கினம்."

பிரௌ வேபர் சிரித்தா. நானும் சிரித்தேன். பிறகு அவ கேட்டா, "அந்தப் பெண்ணுக்கு இதை யார் போய்ச் சொல்வது?" நிலானியைப் பற்றி மத்தியானம் சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். சிரிப்பு அதோடு நின்றது.

சந்தனம் வைத்தது யார் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நான் அங்கே நின்றேன், கண்ணால் கண்டேன். வாணி விழாவில் சந்தனக் கிண்ணத்தோடு போனவர் என்ர மனுசன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வடிவாக ஒரு பொட்டு வைக்கிறவர். கொம்பியூட்டரின் முகத்தில் நடு எது? பட்டன்தான். விழா முடிய ஈரத்துணியால் அவரே துடைத்தார். துடைத்தது வெளியே இருந்ததை. மிச்சத்தை இடுக்குக்குள் தள்ளிவிட்டார். விடுமுறை வாரத்து ஹீட்டர்ச் சூட்டில் அது இறுகியது.

அடுத்த நாள் நிர்வாகசபை கூட இருந்தது; பட்டனுக்குள் சந்தனம் இருந்ததைக் காரில் போகும்போது மனுசனுக்குச் சொன்னேன்.

"இஞ்சேர், பட்டன் தேஞ்சு போச்சு எண்டு சொல்லிவிடு. சந்தனத்தை ஏன் இழுக்கிறாய்?"

"தேயேல்லையே."

"தேஞ்சதெண்டால் ஆருக்கும் நட்டமில்லை."

"நிலானிக்கு?"

"அவளுக்கும் நல்லதுதானே. உடைக்கேல்லை எண்டு ஆகுது."

"தேய அமத்தினது ஆரெண்டு பிறகு கேப்பினம். கடைசியா அமத்தினவள் அவள்."

மனுசன் றேடியோவைப் போட்டார். அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

அடுத்த நாள் பெட்டியை மேசையில் வைத்தேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கதைக்க வராதபடியால் காட்டினேன். பட்டனைப் போட்டு அமத்தினேன், தொடங்கி அணைந்தது. பட்டனைக் கழற்றிவிட்டு ஊசியைத் தொட்டேன், தொடங்கி நின்றது. மூடியைத் திருப்பி மஞ்சளைக் காட்டினேன்.

"என்ன பிள்ளை இது?" என்றார் தலைவர்.

"சந்தனம் அண்ணை. வாணி விழாவில வைச்ச பொட்டு."

தலைவர் குனிந்து மூடிக்குள் பார்த்தார். பிறகு யாரோ சிரித்தார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும்.

"சரஸ்வதியே வந்து அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா!"

"தர்மலிங்கத்தார் பொட்டு வைச்சால் லேசில கழராது. அவற்ற நெத்தியைப் பாருங்கோவன்!"

"இனிக் கொம்பியூட்டருக்குத் திருநீறு மட்டும் காணும், சந்தனம் வேண்டாம்!"

என்ர மனுசனும் சிரித்தார். நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். தேத்தண்ணி ஊற்றினார்கள். எனக்கும் ஒரு கப் நீட்டினார்கள். தலைவர் என்ர முதுகில் தட்டினார். "கெட்டிக்காரி. சரி, பேருகளை அனுப்புவம்" என்று கதிரையை இழுத்தார்.

நான் அந்தக் கப்பை வாங்கவில்லை. ஒரு பெட்டை செய்தாள் என்றபோது அது குற்றம். விசாரணை வைத்தார்கள், திறப்பைப் பறித்தார்கள், மாமியார் வீட்டுக்கு அறிவித்தார்கள். தாங்கள் செய்தார்கள் என்றபோது அது பகிடி. தேத்தண்ணியோடு முடிந்துபோச்சு. இது எந்த ஊர் நியாயம்? இவ்வளவு வருசம் நான் வாய் திறக்காமல் இருந்தது இதைப் பார்க்கவோ?

"அண்ணை, நிலானி?" என்றேன்.

"நிலானிக்கு என்ன?"

"அவவுக்கு ஆர் சொல்லுறது?"

"அது முடிஞ்ச கதை தங்கச்சி. வகுப்புக்கு வேற ஆளைப் போட்டாச்சு. இனிப் போய்க் கிளறினால் வீண் பிரச்சினை. அந்தப் பிள்ளையும் கொஞ்சம் வாய்க்காரிதானே. அண்டைக்குக் கோவத்தில இருந்தவள், உடைச்சிருக்கவும் கூடும்தானே எண்டு நாங்கள் நினைச்சதில..."

"நீங்கள் அங்க நிண்டனீங்களோ?"

சத்தம் என்ர வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே முதலில் விளங்கவில்லை. தேத்தண்ணிக் கப்புகள் எல்லாம் பாதி வழியில் நின்றன.

"என்ன?" என்றார் தலைவர்.

"அவ உடைக்கேக்க நீங்கள் அங்க நிண்டனீங்களோ எண்டு கேட்டன். நிக்கேல்லையெண்டால் என்னத்தைக் கண்டனீங்கள்? தொடங்காத ஒரு பெட்டியைக் கண்டனீங்கள். அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நீங்கள் சேத்தது."

பிறகு ஓடிக்கொண்டிருந்த பெட்டியை ஒழுங்காக அணைத்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பைக்குள் போட்டேன். பட்டனையும் அதன் இரண்டு வயரோடு கைப்பைக்குள் போட்டேன். ஸிப்பை இழுத்தேன். பெட்டியின் முகத்தில் பட்டன் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது.

"புவனேஸ், என்ன செய்யிறாய்?" என்றார் மனுசன்.

"நிலானி வந்து அமத்தட்டும்" என்றேன். "அவ அமத்தினால்தான் இது தொடங்கும்."

"உமக்கென்ன விசரோ?" என்றார் தலைவர். "நாங்கள் கடையில குடுத்துச் செய்விப்பம்."

"குடுங்கோ. பட்டன் எங்கயெண்டு கேப்பாங்கள். ஆர் கழட்டினது, ஏன் கழட்டினது எண்டு நீங்களே சொல்லுங்கோ."

காருக்குப் போகவில்லை. ட்ராமில் வீட்டுக்கு வந்தேன். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஜேர்மன் கிழவி என்னைப் பார்த்துவிட்டுத் தன்ர பையையும் இறுக்கிப் பிடித்தாள்.

அந்தக் கிழமை வீட்டில் கதை இல்லை. சோறு கறி வைத்தேன், சாப்பிட்டார். "நாலு பேருக்கு முன்னால என்னை வெக்கப்படுத்திப்போட்டாய்" என்று ஒருக்காச் சொன்னார். "அவையள் சிரிக்கேக்க உங்களுக்கு வெக்கமில்லை, நீங்களும் சேந்து சிரிச்சனீங்கள்" என்றேன். தலைவர் டெலிபோன் எடுத்தார். டெலிபோனில் கதைக்க எனக்கு எப்போதும் பயம். அதனால் ஒரே ஒரு வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவ வந்து அமத்தட்டும் அண்ணை." முதலில் கத்தினார். பிறகு கெஞ்சினார். பிறகு, பிள்ளைகளின் பரீட்சை பாழாகப் போகுது என்று என்னைக் குற்றவாளியாக்கப் பார்த்தார். அது என்னைச் சுட்டதுதான். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஆனால் அவர் காரில் ஏறி நிலானியின் வீட்டுக்குப் போக எடுக்கும் நேரம், எனக்கு டெலிபோன் எடுத்த நேரத்தைவிடக் குறைவு.

கடைசியில் போனார்கள். தலைவரும் என்ர மனுசனும். படியேறிப் போய் மணி அடித்தால் கதவைத் திறந்தது மாமியார். நிலானி இல்லையோ என்று கேட்டுவிட்டு வாசலில் வைத்து மெல்லமாகச் சொல்லி முடிக்கலாம் என்று நினைத்தார்களாம். மாமியார், "என்ன விசயம், எனக்கு முன்னால சொல்லுங்கோ" என்று கதவிலேயே நின்றுகொண்டா. ஆகவே அவவுக்கு முன்னால்தான் சொல்ல வேண்டி வந்தது. சொன்னவர் என்ர மனுசன். "சந்தனம் வைச்சது நான்தான், அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை" என்று சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நிலானி வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். பிள்ளைகள் கண்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். அவள் அழுவாள் என்று நான் நினைத்தேன், அழவில்லை. நேரே பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

வீட்டிலேயே பட்டனைச் சுடுதண்ணியில் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வைத்திருந்தேன். கைப்பையிலிருந்து எடுத்தேன். வயரைக் கொழுவினேன், மூடியைப் போட்டேன், ஆணி இறுக்கினேன். நான் தள்ளி நின்றேன்.

நிலானி விரலை நீட்டினாள். பட்டனைத் தொட முதல் நிறுத்தினாள். திரும்பித் தலைவரைப் பார்த்தாள்.

"ஐயா, இது இப்ப தொடங்கேல்லையெண்டால் ஆற்ற பிழை?"

தலைவர் நிலத்தைப் பார்த்தார். என்ர மனுசன் நெற்றியைத் துடைத்தார். பின் வாங்கில் இருந்தவர்கள் கப்புகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள். கடைசி ஆள் போய்க் கதவு சாத்தும்வரை அவள் விரல் அப்படியே நின்றது.

பிறகு அமத்தினாள். லைட் வந்தது. காற்றாடி சுற்றியது. கூவியது. அணையவில்லை.

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.